பக்கத்தில் உட்கார ஒரு துணை

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு காலி மனையை இரண்டு மாதம் வெட்டாமல் விட்டுப் பாருங்கள். புல் இடுப்புயரம் வளர்ந்து கதிர்விடும். கதிர் பால் பிடித்ததும் சில்லைகள் வந்துவிடும். ஒரு சில்லையின் எடை 14 கிராம்தான், ஆனால் புல்தண்டை வளைக்க அது போதும். தண்டு சாயும், குருவியும் கூடவே சாயும், சாய்ந்தபடியே கதிரை உருவித் தின்னும். நெஞ்சில் செதில் செதிலாகப் பழுப்புக் கோடு இருந்தால் புள்ளிச் சில்லை. தலை வெளுத்திருந்தால் வெண்தலைச் சில்லை. மலாய்க்காரர்கள் இரண்டையும் பிப்பிட் என்பார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் தினைக்குருவி என்றால் புரியும். ஒன்று கிளம்பினால் எல்லாம் கிளம்பும், ஒன்று இறங்கினால் எல்லாம் இறங்கும். சில்லையைத் தனியாகப் பார்ப்பது அபூர்வம்.

செல்லப்பிராணிக் கடைகளில் 'ஃபிஞ்ச்' என்று விற்கிற குருவிகளில் பெரும்பாலானவை இந்தச் சில்லைகளின் ஒன்றுவிட்ட உறவுகள். ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா மூன்றிலும் பரவிய ஏறத்தாழ 140 இனங்கள் கொண்ட குடும்பம் அது. கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு வைத்த ஜீப்ராவும், ஓவியன் வண்ணப் பெட்டியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும் கோல்டியனும் ஆஸ்திரேலியக் குருவிகள். பெங்காலிக்குக் காடே கிடையாது. ஏறக்குறைய 250 ஆண்டுகளுக்கு முன் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன வெண்முதுகுச் சில்லைகளைக் கூண்டிலேயே வளர்த்து வளர்த்து உருவான இனம் அது. மலேசியக் காட்டோரங்களில் இன்றும் பறக்கும் வெண்முதுகுச் சில்லை அதன் பாட்டன். நீலமான கார்டன்புளூ ஆப்பிரிக்கா. சாம்பல் உடம்பும் சிவந்த பெரிய அலகுமாக இருக்கும் ஜெலாத்திக்கின் பூர்வீகம் ஜாவாவும் பாலியும். பிடித்துப் பிடித்து விற்றே அதைச் சொந்த ஊரில் அருக வைத்துவிட்டார்கள். இப்போது அழியும் அபாயத்தில் இருக்கும் பறவைகளின் பட்டியலில் இருக்கிறது, உலகெங்கும் கூண்டுகளிலும் இருக்கிறது.

ஆக, கிள்ளானில் ஒரு தேரஸ் வீட்டுப் பின்கட்டில் ஆறடிக்கு நாலடி கம்பிக் கூண்டு வைத்திருப்பவர் மூன்று கண்டங்களை ஒரே கூரையின் கீழ் குடிவைத்திருக்கிறார். அப்புறம்தான் புகார் தொடங்கும். ஜீப்ரா எல்லாரையும் விரட்டுகிறது, பெங்காலி அடுத்தவர் கூட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறது, கோல்டியன் மூலையில் உம்மென்று உட்கார்ந்திருக்கிறது, அந்த ஒரு சேவல் கெட்ட சேவல். எனக்கு இந்தக் 'கெட்ட சேவல்' தீர்ப்பில் நம்பிக்கை இல்லை. குருவிகளைப் பற்றிக் கடந்த சில பத்தாண்டுகளில் ஆய்வாளர்கள் கண்டதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம் கூண்டின் கணக்கு. யாரோடு, எத்தனை பேரோடு, எவ்வளவு நெருக்கத்தில் என்பதில் ஒவ்வொரு இனத்துக்கும் ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவு மூளைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

மாலை ஆறரை மணிக்குக் கூண்டுக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அதைக் கண்ணாலேயே அளக்கலாம். குருவிகள் ராத்தங்கலுக்கு இடம் பிடிக்கும் நேரம் அது. பெங்காலிகள் தண்டின் ஒரு கோடியில் தோளோடு தோள் ஒட்டி உட்காரும். நடுவில் உள்ளது கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கொடுக்க, பக்கத்தில் உள்ளது அதன் கழுத்து இறகைக் கோதிவிடும். ஜோடியா, அண்ணன் தம்பியா என்ற பேதமெல்லாம் கிடையாது. ஜீப்ரா அப்படியில்லை. தன் ஜோடியோடு மட்டும்தான் ஒட்டி உட்காரும், மற்றவர்கள் சற்றுத் தள்ளித்தான். கோல்டியனோ ஜோடியைக்கூடத் தொடாது. பக்கத்தில் உட்காரும், நடுவில் ஒரு விரலாவது நுழைய இடம் விட்டு. இறகு கோதிவிடும் வழக்கமே இல்லை. கேஎல் சென்ட்ரலில் காலி எல்ஆர்டி பெட்டியில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் இதே மூன்று ரகமும் தெரியும்.

இந்தத் தூரம் எங்கிருந்து வருகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் குட்சன் தேடினார். இந்தக் குடும்பத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்ட இனங்களில் ஜீப்ராவும் நம் காலி மனைப் புள்ளிச் சில்லையும் கூட்டத்துக்குச் சொந்தக்காரர்கள். எதிர்ப்பக்கம் ஆப்பிரிக்காவின் ஊதாக்காதுக் குருவியும் மெல்பா ஃபிஞ்சும். இவை இரண்டும் ஆணும் பெண்ணுமாக ஓர் எல்லையைப் பிடித்துக்கொண்டு, வேறு யார் வந்தாலும் விரட்டுகிறவை. இரு பக்கத்தாருக்கும் வாழும் சூழல், உண்ணும் உணவு, ஜோடி சேரும் முறை எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. கூட்டம் பிடிக்குமா பிடிக்காதா என்பதில்தான் வேறுபாடு. நம் உடம்பில் தாய்ப்பால் சுரக்கவும் பாசத்துக்கும் துணைபோகும் ஆக்ஸிடோசின் போலவே பறவைகளுக்கு மீசோடோசின் என்று ஒன்று உண்டு. மூளையில் செப்டம் என்னும் பகுதியில் அதை ஏற்கும் வாங்கிகள் கூட்டக் குருவிகளுக்கு அடர்த்தியாக இருந்தன, தனிக்குடித்தனக்காரர்களுக்குக் குறைவாக இருந்தன. அந்த வாங்கிகளை மருந்தால் அடைத்ததும் பெண் ஜீப்ராக்களுக்குப் பெரிய கூட்டத்தின் மீதிருந்த ஆசை தணிந்தது; மீசோடோசினைக் கொடுத்ததும் ஆசை கூடியது. 2009இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது இந்த ஆய்வு. பின்கட்டுக் கூண்டுக்குள் பெங்காலியையும் கார்டன்புளூவையும் ஒன்றாக விடும்போது நாம் அநேகமாக இரண்டு விதமான மூளைகளை ஒன்றாக விடுகிறோம்.

பெங்காலியின் குற்றப்பத்திரிகையை இப்போது திரும்பப் படிக்கலாம். காட்டுச் சில்லைகள் பழைய கூடுகளில் பல பேராக நெருக்கியடித்துத் தூங்கும். பெங்காலிக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. கோல்டியன் முட்டையிட்டு அடைகாக்கும் பெட்டிக்குள் இரவு ஐந்து பெங்காலிகள் நுழைந்தால், அது அவர்களைப் பொறுத்தவரை விருந்தோம்பல். கோல்டியன் முட்டையைக் கைவிட்டு வெளியே வந்துவிடும். பெங்காலியைத் திட்டிப் பயனில்லை. ஒரு ஜோடிக்கு இரண்டு கூடு என்ற கணக்கில், எல்லாவற்றையும் ஒரே உயரத்தில், ஒரே மாதிரி வைத்தால் பாதிச் சண்டை குறையும், ஏனெனில் குருவிகளுக்கு உயரத்தில் உள்ள கூடுதான் வேண்டும். பெங்காலிகளுக்குப் படுக்க ஒரு பெரிய கூடையைத் தனியாகக் கட்டிவிட்டால் மீதியும் குறையும்.

சில்லைகளின் நெருக்கத்தில் இன்னொரு விசித்திரம் உண்டு. ஆண் புள்ளிச் சில்லை பாடும்போது உடம்பை நிமிர்த்தி, இறகைச் சிலிர்த்து, அலகை அசைத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்றடி தள்ளி நிற்கும் நமக்குச் சத்தமே எட்டாது, ஊமைப்படம் பார்ப்பது போலிருக்கும். அப்போது வேறொரு சில்லை நெருங்கி வந்து, கழுத்தை நீட்டி, தன் தலையைப் பாடகனின் அலகருகே கொண்டுபோய் அசையாமல் நிற்கும். பாட்டு முடியும்வரை நின்று கேட்டுவிட்டுப் போகும். சில நேரம் கேட்க வரிசையில் இன்னொன்றும் காத்திருக்கும். எல்லையைக் காக்கப் பாடுகிற பறவை ஊருக்கே கேட்கும்படிப் பாடும். இது தன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்காக மட்டும் பாடுகிறது. மெர்போக் புறாவைக் கம்பத்தில் ஏற்றிக் குரல் போட்டி வைக்கும் ஊரில் இதற்குப் பரிசு கிடைக்காது, ஆனால் எனக்கு இதுதான் பிடித்த கச்சேரி.

அடுத்த விஷயம் ஜோடி. கடைக்காரர் ஓர் ஆணையும் பெண்ணையும் பிடித்து அட்டைப் பெட்டியில் போட்டு "ஜோடிண்ணே, நல்லா முட்டை வைக்கும்" என்பார். ஆண் பெண் தெரியாத பெங்காலியில் அதுவும் உத்தரவாதமில்லை, பாடுவது ஆண் என்பதைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. ஆணும் பெண்ணுமாக இருந்தாலே ஜோடியாகிவிடுமா? ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் பறவையியல் நிறுவனத்தைச் சேர்ந்த மலிகா இலே, பார்ட் கெம்பனார்ஸ், வொல்ஃப்காங் ஃபோர்ஸ்ட்மையர் மூவரும் 160 ஜீப்ராக்களை வைத்து இதைச் சோதித்தார்கள். 20 பெண், 20 ஆண் என்று விட்டுத் தாமாகவே ஜோடி சேர விட்டார்கள். பிறகு பாதி ஜோடிகளை அப்படியே வைத்துக்கொண்டு, மீதியைப் பிரித்து வேறு துணையோடு சேர்த்து வைத்தார்கள். நிச்சயித்த கல்யாணமும் காதல் கல்யாணமும் என்று வைத்துக்கொள்ளலாம். 2015இல் வெளியான முடிவு: தாமே தேர்ந்தவர்களுக்குப் பிழைத்த குஞ்சுகள் 37 விழுக்காடு அதிகம். சேர்த்து வைத்தவர்களின் கூட்டில் கருக்கூடாத முட்டைகள் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆண்கள் கொஞ்சுவதில் குறை வைக்கவில்லை. பெண்கள்தான் முகம் கொடுக்கவில்லை. குஞ்சுகள் அதிகம் இறந்தது பொரித்த முதல் இரண்டு நாளில், அப்பன் கூட்டில் சரியாகத் தங்காததால்.

ஆகவே ஜோடி வாங்குவதைவிட, ஒரே இனத்தில் ஆறு குருவி வாங்கி விடுவது நல்லது. இரண்டு வாரத்தில் யார் யாருக்குக் கோதிவிடுகிறார்கள், யார் யாரோடு தூங்குகிறார்கள் என்பது தெரிந்துவிடும். மூன்று பேராக விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஜோடி சேர்ந்த இரண்டுக்கும் நடுவில் மிஞ்சிய ஒன்று நிம்மதியாக இருக்காது, இருக்கவும் விடாது. ஆணாக மட்டும் வளர்த்தாலும் துணை தேடும் பழக்கம் நிற்பதில்லை. ஜீப்ரா ஆண்களை மட்டுமே சேர்த்து வளர்த்த பிரெஞ்சு ஆய்வு ஒன்றில் அவை தங்களுக்குள் ஜோடி சேர்ந்தன, கோதிவிட்டன, பாடிக்கொண்டன. பிறகு பெண்களை உள்ளே விட்டும் பல ஆண்கள் பழைய துணையை விட்டு நகரவில்லை. குஞ்சு பொரிப்பது மட்டுமே ஜோடியின் நோக்கமாக இருந்தால் இது நடந்திருக்காது.

ஆப்பிரிக்கக் கார்டன்புளூ வகையொன்று துணையிடம் பேசும் முறையை நம் கண்ணால் பார்க்கவே முடியாது. புல் நாரை அலகில் கவ்விக்கொண்டு ஆணும் பெண்ணும் மேலும் கீழுமாகக் குதிக்கும். நமக்குத் தெரிவது அவ்வளவுதான். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தினர் நொடிக்கு 300 படம் எடுக்கும் கேமராவில் பிடித்தபோது, ஒவ்வொரு குதிப்புக்கும் நடுவில் கால்கள் தண்டைப் படபடவென்று பல முறை தட்டுவது தெரிந்தது. துணை அதே தண்டில் இருந்தால் தட்டல் அதிகமாகிறது. பாட்டு காதுக்கு, குதிப்பு கண்ணுக்கு, அதிர்வு அநேகமாகக் காலுக்கு. பழுத்து இற்ற ரப்பர் கட்டையைவிட, லேசாக அதிரும் மெல்லிய கொய்யாக் கிளையைக் கூண்டில் கட்டிவிடுவதற்கு இது ஒரு நல்ல காரணம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கோல்டியனின் பிரச்சினை தலையில் இருக்கிறது. காட்டில் பத்துக்கு ஏழு கறுப்புத் தலை, மூன்று சிவப்புத் தலை, மஞ்சள் மிக அரிது. ஆஸ்திரேலியாவில் சாரா பிரைக்கும் சைமன் கிரிஃபித்தும் இவற்றை வைத்துத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். தீனித் தட்டுக்கு முன் சிவப்பும் கறுப்பும் சந்தித்தால் கறுப்பு ஒதுங்கிக்கொள்ளும். முன்பு சிவப்புத் தலையைப் பார்த்தே இராத இளங்குருவிகளும் ஒதுங்கின. சிவப்புக்கு ஒரு விலையும் உண்டு. சுற்றிலும் சிவப்புகளே நிறைந்தால் அந்த ஆண்களின் இரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன் ஏறுகிறது, குஞ்சுகளுக்கு ஊட்டுவது குறைகிறது. கறுப்புத் தலைக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. அழகாக இருக்கிறதே என்று நாலு சிவப்புத் தலை ஆணை ஒரே கூண்டில் விடுகிறவர், நாலு பேரையும் இரவும் பகலும் பதற்றத்தில் வைக்கிறார். தட்டை ஒன்றுக்கு மூன்றாக்கி வெவ்வேறு மூலையில் வைப்பது, கறுப்புத் தலைகளையும் பட்டினி போடாமல் காப்பாற்றும்.

இந்த இடத்தில் கோலாலம்பூர் பறவைப் பூங்காவை நினைக்காமல் இருக்க முடியாது. ஏரித் தோட்டத்தில் 1991இல் திறந்தார்கள். 20.9 ஏக்கர், அதில் பெரும்பகுதி ஒரே வலைக்குக் கீழ். உள்ளே ஏறத்தாழ 200 இனங்களில் 3,000க்கு மேற்பட்ட பறவைகள். நாம் நடந்து போகும் பாதையில் மயில் குறுக்கே வரும், நாரை தலைக்கு மேல் போகும். அங்கே கலவை பலிப்பதற்குக் காரணம் இடம். தோற்ற பறவை ஓடி ஒளிய மரம் இருக்கிறது. அங்கேயும் இருவாச்சிகளுக்குத் தனி மண்டலம். எங்காங் (இருவாச்சி) எங்காங்கோடு, பிப்பிட் பிப்பிட்டோடு என்ற மலாய்ப் பழமொழியைப் பூங்காக்காரர்கள் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். ஆறடிக் கூண்டில் ஓட இடமில்லை என்பதால் மறைவையாவது கொடுக்க வேண்டும். நடுவில் இலை அடர்ந்த தொட்டிச் செடி நாலு வைத்தால் விரட்டுகிறவன் பார்வையிலிருந்து விரட்டப்பட்டவன் தப்பிக்கலாம். கூண்டு உயரத்தைவிட நீளம் முக்கியம். ஃபிஞ்சுகள் ஹெலிகாப்டர் மாதிரி எழும்புவதில்லை, குறுக்கே பறக்கின்றன. வளைந்த அலகுள்ள காதல் பறவையையும் பட்ஜெரிகர் கிளியையும் அதே கூண்டில் விடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஃபிஞ்சின் கால் ஒரு கடிக்குத் தாங்காது.

கலந்து வளர்ப்பதில் பலர் யோசிக்காத ஒன்று, குஞ்சுகள் என்ன கற்கின்றன என்பது. கோல்டியன் கைவிட்ட முட்டைகளைப் பெங்காலியிடம் வைத்துப் பொரிக்க விடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். பெங்காலி யார் குஞ்சையும் வளர்க்கும். ஆனால் ஜெர்மன் ஆய்வாளர் கிளாவுஸ் இம்மெல்மான் 1960களிலேயே காட்டினார்: பெங்காலி வளர்த்த ஜீப்ரா ஆண், வளர்ந்த பிறகு ஜீப்ராப் பெண்ணையும் பெங்காலிப் பெண்ணையும் அருகருகே வைத்தால் பெங்காலியிடம்தான் பாடப் போகும். பாட்டும் வளர்ப்புத் தகப்பனுடையதாக இருக்கும். பொரித்த மூன்றாவது நான்காவது வாரத்திலிருந்து இரண்டு மாதம்வரை கேட்பதைப் பிடித்துக்கொண்டு, மூன்று மாதத்தில் பாட்டு உறைந்துவிடுகிறது; அப்புறம் திருத்த முடியாது. எனவே வளர்ப்புக் குஞ்சுகளின் காதுக்கும் கண்ணுக்கும் அந்த வாரங்களில் சொந்த இனத்துப் பெரியவர்கள் கிடைக்க வேண்டும். சில்லைக் கூட்டத்தில் இனம் விட்டு இனம் கலந்து கலப்புக் குஞ்சு பிறப்பதும் சகஜம், ஆகவே பெங்காலியையும் உள்ளூர்ச் சில்லையையும் ஒன்றாகப் போடக் கூடாது. உள்ளூர்ச் சில்லையை வலைபோட்டுப் பிடிக்கும் எண்ணம் இருந்தால் அதற்கு முன் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேட்டுவிடுங்கள். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ளவற்றை உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியப் பாலையில் ஜீப்ரா மழைக்காகக் காத்திருக்கும். மழை பெய்து புல் விதை பிடித்தால்தான் முட்டை. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகைதான் வடக்கே. ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் 20 நிமிடத்தை ஒட்டித்தான். வாரம் தவறாமல் சாயங்கால மழை, தட்டு நிறைய தினை. குருவியின் கணக்குப்படி நல்ல காலம் முடிவதே இல்லை. நாலைந்து முட்டை, இரண்டு வாரம் அடை, மூன்று வாரத்தில் குஞ்சு வெளியே, அது தானாகத் தின்னப் பழகுமுன்பே அடுத்த முட்டை. பெட்டையின் எலும்பிலுள்ள சுண்ணாம்பு வற்றும்; கடைசியில் முட்டை வெளிவராமல் அடைத்துக்கொண்டு செத்துப்போகும். கணவாய் ஓடு தொங்கவிட்டால் மட்டும் போதாது. ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈட்டுக்கு மேல் விடாமல், கூடுகளையும் நாரையும் கழற்றி எடுத்துவிட வேண்டும். இங்கே பருவம் செய்யாத வேலையைக் கூண்டுக்காரர்தான் செய்ய வேண்டும்.

வெயிலுக்கு ஜீப்ராவிடம் சொந்த ஏற்பாடு உண்டு. மிலேன் மரியெட்டும் கேத்தரின் புக்கானனும் 2016இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியிட்ட ஆய்வு இது: வெப்பம் 26 பாகை செல்சியஸைத் தாண்டினால், அடைகாப்பின் கடைசி நாட்களில் தாயோ தந்தையோ முட்டையிடம் ஒரு தனிக் குரலில் பேசுகிறது. ஓட்டுக்குள் இருக்கும் குஞ்சு அதைக் கேட்கிறது. வெக்கையான கூட்டில் பிறந்த பிறகு அது மெதுவாக, சிறிதாக வளர்கிறது. அப்படிச் சிறிதாக வளர்ந்த பெண்கள் பெரியவர்களானபின் அதிகக் குஞ்சுகளைக் கரையேற்றின. பகல் 30ஐத் தாண்டாத நாளே அரிதான கிள்ளானில், பின்கட்டுக் கூடுகளில் இந்தப் பேச்சு நாள்தோறும் நடந்துகொண்டிருக்க வேண்டும்.

துணையைப் பிரித்தால் என்ன ஆகும்? குருவிக்குச் சீக்கு வந்தால் தனிக் கூண்டில் எடுத்து வைக்கிறோம், வேறு வழியில்லை. 2003இல் அமெரிக்காவில் ரமேஜ்-ஹீலியும் உடன் இருந்தவர்களும் ஜோடி ஜீப்ராக்களைப் பிரித்து இரத்தத்தைச் சோதித்தார்கள். கூடவே மற்ற குருவிகள் இருந்தும் அழுத்த ஹார்மோன் ஏறியது. பழைய துணை திரும்பியதும் இறங்கியது. புதுத் துணையைக் கொடுத்தபோது இறங்கவில்லை. குரலும் தனித்தனியாகத் தெரியும். பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2004இல் 'நேச்சர்' இதழில் எழுதியது இன்னும் வேடிக்கை. பக்கத்தில் ஒரு ஜோடி பார்த்துக்கொண்டிருந்தால் ஆண் ஜீப்ரா தன் பெட்டையின் குரலுக்கு மட்டும் ஓடோடிப் பதில் சொல்கிறது. பார்ப்பவர்கள் ஜோடி சேராதவர்களாக இருந்தால் எந்தப் பெட்டையின் குரலுக்கும் ஒரே மாதிரி பதில்தான்.

ஆகவே மருத்துவக் கூண்டை வேறு அறைக்குக் கொண்டுபோகாமல், தொற்று நோயாக இல்லாத பட்சத்தில், துணையின் குரல் எட்டும் இடத்தில் வையுங்கள். துணை செத்துப்போனால் மறுநாளே கடைக்குப் போய் ஒன்றை வாங்கி வந்து அதன் பக்கத்தில் திணிக்க வேண்டாம். புதுக் குருவிகளை ஒரு மாதம் தனியே வைத்து நோய் இல்லையென்று தெரிந்தபின், இரண்டு மூன்றாக ஒரே நாளில் விடுங்கள். அன்று கிளைகளையும் தட்டுகளையும் இடம் மாற்றிவிட்டால் பழையவர்களுக்கும் கூண்டு புதிதாகிவிடும், எல்லை பிடித்த உரிமை போய்விடும். யாரோடு யார் சேர்வது என்பதைக் குருவிகள் ஒரு வாரத்திலும் முடிவு செய்யும், இரண்டு மாதமும் எடுத்துக்கொள்ளும்.